ஆரஞ்சு வயர்

காக்கி புக்கிட், நான்காம் மாடி.
மணிக்கு இவ்வளவு என்று பேசி
கோக் லியோங் ஒதுக்கித் தந்த மூலை.
வண்டி மோரிஸ், ஐம்பத்தெட்டாம் வருஷத்தது.
ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான் சாலைக்கு.
மிச்ச நாளெல்லாம் எனக்கு.

வாரத்தில் ஆறு நாள்
லிஃப்டுக் குழிகளில் இறங்குகிறவள் நான்.
அங்கே வயர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும்.
இவை துணிச்சட்டை போட்ட வயர்கள்,
தொட்டால் உதிர்கின்றன
பொரித்த கறிவேப்பிலை மாதிரி.
உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கிறது.
இடப்பக்க விளக்கைப் போட்டால் ஹார்ன் முனகும்.
ஹார்னை அழுத்தினால்
வைப்பர் ஒரே ஒரு தடவை சலாம் வைக்கும்.

போதாததற்கு இது தலைகீழ் வண்டி:
உடம்போடு சேர்வது நேர்முனை.
பதினெட்டு வருஷம் பழகிய கை
ஒவ்வொரு முறையும் மற்ற பக்கமே போனது.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன்.
பழுப்பு, பேட்டரியிலிருந்து நேரே; அது தூங்காது.
வெள்ளை, சாவி திருப்பினால் மட்டும்.
சிவப்பு பின்விளக்குக்கு.
கறுப்பு, எல்லாம் திரும்பிப் போகிற வழி.
அறுக்குமுன் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டினேன்,
ஆஸ்பத்திரியில்
பிறந்த பிள்ளை மணிக்கட்டில் கட்டுவதுபோல.

மூன்றாம் ஞாயிறு
டாஷ்போர்டின் அடிவயிற்றில் ஓர் ஆரஞ்சு.
வரைபடத்தில் ஆரஞ்சே இல்லை.
துணி இல்லை, பிளாஸ்டிக்;
பழைய டெலிபோன் வயராக இருக்கலாம்.
ஓட்டுகிறவரின் இடது முழங்கால் படும் இடத்தில்
நகமளவு சுவிட்ச்,
மேலே வண்டியின் அதே சாயம் பூசி.

வயரோடு தவழ்ந்தேன்.
கதவடி, மிதியடிக்குக் கீழே,
பின்னிருக்கையைத் தூக்கினால்
மூன்று கொண்டை ஊசி, பத்துக் காசு ஒன்று,
பாதி சினிமா டிக்கெட்.
ஒருவரிடமிருந்தே விழுந்தவை அல்ல.
அங்கிருந்து டிக்கிக்குள் நுழைந்து
எண் தகட்டின்மேல் இருக்கும்
குண்டுமணி விளக்கில் போய் முடிந்தது.

மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
சுவிட்சுக்கு ஒரே வேலை.
மற்றதெல்லாம் எரிய, அந்த விளக்கு மட்டும் அணையும்.
பின்னால் வருகிறவர் எண்ணைப் படிக்க முடியாது.

ராத்திரியில் லைசென்ஸ் இல்லாமல்
ஆள் ஏற்றிய காலம் அது.
திருட்டு டாக்சி.

வண்டியை விற்ற திருமதி தியோவின் அப்பா
துறைமுகத்தில் கிராணி.
'ஒரு காசு தப்பாகத் தொடாதவர்' என்று
சாவி தந்த அன்று இரண்டு முறை சொன்னார்.
நாலு பிள்ளை, ஒரு சம்பளம்
என்பதை ஒரு முறைதான் சொன்னார்.

அவர் போட்ட மூட்டைப் பார்த்தேன்.
ஈயம் வழியவில்லை.
சுற்றி நூல், நூலின்மேல் மெழுகு.
பயந்த கை இப்படிப் பற்றவைக்காது.
இல்லை, பயந்த கைதான்
இவ்வளவு பொறுமையாகப் பற்றவைக்கும்.

ஐந்தரைக்குத் திருமதி தியோவே போன் செய்தார்.
'உள்ளே ஏதாவது இருந்ததா?'
பத்துக் காசு ஒன்று, என்றேன்.
சிரித்தார். 'அப்பா விடமாட்டாரே, தேடியிருப்பார்.'
நானும் சிரித்தேன்,
கையில் ஆரஞ்சு முனையைப் பிடித்தபடி.

சோதனையில் எண் விளக்கு எரிந்தே ஆகவேண்டும்.
புதுச் சிவப்பை இழுத்து நேரே கொடுத்தேன்.
பேட்டரியை மாட்டினேன்.
இடது இடதாகவே மினுக்கியது.
ஹார்ன் கத்தியது, வைப்பர் அசையவில்லை.
கோக் லியோங் எட்டிப் பார்த்துக்
கட்டைவிரல் காட்டிவிட்டு
பில் எழுதப் போனான்.

சுவிட்சைக் கழற்றவில்லை.
ஃபியூஸ் பெட்டி மூடிக்குள் ஒட்டிய
என் புது வரைபடத்தில் அதையும் போட்டேன்:
ஆரஞ்சுப் பென்சிலில் ஒரு கோடு,
இரு முனையும் எதையும் தொடாமல்.
எதற்கு என்று எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன்.

முதல் ராத்திரி, யூனோஸ் லிங்க்.
சிக்னலில் நிற்கையில்
முழங்கால் இடித்து 'டக்' என்றது.
கண்ணாடியில் பார்த்தேன்.
பின்னால் ஒரு டாக்சி,
கூரையில் பச்சை எழுத்து,
ஆள் இல்லை.
என் எண்ணை அவன் நிதானமாகப் படித்திருக்கலாம்.